எலைட்: லேவ் நிலையத்திலிருந்து உயிரோடு கிளம்பி உயிரோடு இறங்க ஒரு முழு வழிகாட்டி

எலைட் ஒரு விண்வெளிச் சண்டை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே செத்துப்போவார்கள். நானும் அப்படித்தான் போனேன். கொள்ளைக்காரன் எவனும் என்னைச் சுடவில்லை. இறங்க வேண்டிய விண்வெளி நிலையத்தின் சுவரில் நானே போய் மோதினேன். அடுத்த முறையும் அதே சுவர். ஐந்தாறு கப்பல்களைத் தொலைத்த பிறகுதான் உறைத்தது: இந்த விளையாட்டில் முதலில் வண்டி ஓட்டப் பழக வேண்டும், அப்புறம் வியாபாரம் பழக வேண்டும், துப்பாக்கி அதற்கும் அப்புறம்தான். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

எலைட் வெளியானது 1984 செப்டம்பர் 20. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு மாணவர்கள் எழுதியது. அக்கார்ன்சாஃப்ட் நிறுவனம் பிபிசி மைக்ரோ கணினிக்காக வெளியிட்டது. அந்தக் காலத்து விளையாட்டுகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. மூன்று உயிர், ஏறிக்கொண்டே போகும் மதிப்பெண், பத்து நிமிடத்தில் ஆட்டம் முடிவு. எலைட்டில் இது எதுவும் இல்லை. ஒரு கப்பலும் 100 கிரெடிட் பணமும் கையில் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் போ என்று விட்டுவிடும். போவதற்கு 8 பால்வெளிகள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். இத்தனையும் 32 கிலோபைட் நினைவகமுள்ள கணினியில் எப்படி அடங்கியது என்று கேட்டால், அடங்கவே இல்லை என்பதுதான் பதில். கோள்களின் பட்டியல் எங்கும் சேமித்து வைக்கப்படவில்லை. மூன்று விதை எண்களை எடுத்து, ஃபிபொனாச்சி வரிசை மாதிரி கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு கோளின் பெயரும் இருப்பிடமும் ஆட்சியும் பொருளாதாரமும் அந்தந்த நேரத்தில் கணக்கிலிருந்து வந்து விழும். எத்தனை முறை கணக்குப் போட்டாலும் விடை ஒன்றுதான் என்பதால், நாம் கிளம்பப்போகும் லேவ் கோள் 1984-இல் இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: திரையின் மேல்பகுதி நுணுக்கமான கறுப்பு வெள்ளை, கீழே இருக்கும் கருவிப் பலகை கொஞ்சம் கரடுமுரடான நான்கு வண்ணம். திரையை வரைந்துகொண்டிருக்கும்போதே நடுவில் காட்சி முறையை மாற்றிச் செய்த வேலை அது. விளையாடும்போது அந்த எல்லைக்கோட்டை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள்.

எதில் விளையாடுவது

பிபிசி மைக்ரோ வீட்டில் இருக்காது, பரவாயில்லை. உலாவியிலேயே ஓடும் ஜேஎஸ்பீப் போன்ற எமுலேட்டர்கள் (பழைய கணினி மாதிரியே நடந்துகொள்ளும் மென்பொருள்கள்) இருக்கின்றன. இயன் பெல் தன் தளத்தில் பல பதிப்புகளை இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறார். கேசட் பதிப்பு வேண்டாம், வட்டுப் பதிப்பை எடுங்கள். கப்பல் வகைகள் அதில்தான் அதிகம், சிறப்புப் பணிகளும் அதில்தான் உண்டு. ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 என்று வேறு பதிப்புகளும் இருக்கின்றன. நான் கீழே சொல்லும் விசைகள் பிபிசிக்கு உரியவை.

தொடங்குவதற்கு முன்பே ஒரு தொல்லையைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பிபிசியில் எஃப்0 என்று ஒரு விசை உண்டு, நம் விசைப்பலகையில் கிடையாது. உங்கள் எமுலேட்டர் அதை எந்த விசையில் வைத்திருக்கிறது என்று பார்த்து வையுங்கள். கப்பலைக் கிளப்புவதே அந்த விசைதான்.

கிளம்பும் முன்: சந்தை

சுழலும் கோப்ரா கப்பலோடு திரை வரும். பழைய கமாண்டரை, அதாவது சேமித்து வைத்த ஆட்டத்தை, ஏற்றவா என்று கேட்டால் என் (N) விசையை அழுத்துங்கள், அடுத்த திரையில் ஸ்பேஸ். இப்போது நீங்கள் கமாண்டர் ஜேம்சன், லேவ் நிலையத்துக்குள் நிற்கிறீர்கள். கப்பலில் 20 டன் சரக்குக்கு இடம், 7 ஒளியாண்டுக்கு எரிபொருள், 3 ஏவுகணை, முன்பக்கம் ஒரு சாதாரண பல்ஸ் லேசர்.

எஃப்7 அழுத்தினால் விலைப்பட்டியல். மொத்தம் 17 சரக்கு. பார்த்து மிரள வேண்டாம், விதி எளிதானது: விவசாயக் கோளில் உணவும் துணியும் தோலும் மலிவு, தொழிற்கோளில் கணினியும் இயந்திரமும் மலிவு. ஒன்றில் வாங்கி மற்றதில் விற்க வேண்டும், அவ்வளவுதான். லேவ் வளமான விவசாயக் கோள். உணவு டன்னுக்கு ஏறக்குறைய 4 கிரெடிட், துணி 6.

இனி எஃப்5. பக்கத்துக் கோள்களின் வரைபடம் வரும். அம்பு விசைகளால் குறியை நகர்த்தி லீஸ்டியின் மேல் வைத்து, டி (D) அழுத்தினால் தூரம் தெரியும். எஃப்6 அந்தக் கோளின் ஜாதகத்தையே காட்டும். அதில் இரண்டு வரிதான் முக்கியம், பொருளாதாரமும் ஆட்சியும். லீஸ்டி தொழிற்கோள், கார்ப்பரேட் ஆட்சி. கார்ப்பரேட் ஆட்சி என்றால் வழியில் கொள்ளைக்காரர்கள் குறைவு. அராஜகம் என்று போட்டிருந்தால் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள். லீஸ்டிக்குப் பக்கத்திலேயே ரீட்குவாட் என்று அப்படி ஒன்று இருக்கிறது. இப்போதைக்கு அது இருப்பதையே மறந்துவிடுங்கள்.

எஃப்1 அழுத்தி, கிடைக்கிற உணவையெல்லாம் வாங்குங்கள். பதினாறு டன் அளவுக்குக் கிடைக்கும். மிச்ச இடத்துக்குத் துணி. எண்பது கிரெடிட்டுக்குக் கொஞ்சம் மேலே செலவாகும், கையில் பத்துப் பதினைந்தாவது மிஞ்சும். அதை அப்படியே வையுங்கள், எரிபொருளுக்கு வேண்டும். ஒளியாண்டுக்கு 2 கிரெடிட்.

இறங்கப் பழகுவது, அதுவும் கிளம்பிய உடனே

லீஸ்டிக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதல் நாள் முழுக்க லேவ் வாசலிலேயே கழியட்டும். புதியவர்கள் எல்லாரும் விட்டுவிடும் படி இதுதான், எல்லாரும் சாவதும் இதில்தான்.

எஃப்0 அழுத்தியதும் கப்பல் நிலையத்திலிருந்து வெளியே வரும், எதிரே கோள் தெரியும். இந்த ஒரு காட்சியில் இறங்குவதன் ரகசியம் முழுவதும் இருக்கிறது: நிலையத்தின் வாசல் எப்போதும் கோளைப் பார்த்தே இருக்கும். அதனால்தான் வெளியே வந்ததும் கோள் நேர் எதிரே நிற்கிறது.

கப்பலை ஓட்டும் விசைகள் நான்கு. எஸ் மூக்கைத் தாழ்த்தும், எக்ஸ் உயர்த்தும். காற்புள்ளி விசையும் முற்றுப்புள்ளி விசையும் கப்பலை இடமும் வலமும் புரட்டும். காரைப் போல இடது வலது திரும்ப வழியே கிடையாது. வலது பக்கம் போக வேண்டுமானால், முதலில் கப்பலைப் புரட்டி, போக வேண்டிய இடத்தைத் தலைக்கு நேர் மேலே கொண்டுவர வேண்டும், அப்புறம் மூக்கை உயர்த்த வேண்டும். புரட்டு, உயர்த்து. புரட்டு, உயர்த்து. கை இதற்குப் பழகும் வரை திரையில் நட்சத்திரங்கள் தாறுமாறாக ஓடும், நீங்களும் ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஸ்பேஸ் வேகம் கூட்டும், கேள்விக்குறி விசை குறைக்கும்.

இப்போது பயிற்சி. வெளியே வந்ததும் எதையும் தொடாமல் கொஞ்ச தூரம் நேராகப் போங்கள். அப்புறம் வேகத்தை நன்றாகக் குறைத்து, எக்ஸை அழுத்திப் பிடித்தபடி அரைவட்டம் அடியுங்கள். நிலையம் மேலிருந்து திரைக்குள் இறங்கி வரும். சதுர முகத்தின் நடுவே ஒரு சிறிய நீள்சதுரம் தெரிகிறதே, அதுதான் வாசல். மொத்த நிலையமும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும், வாசலும் கூடவே சுழலும்.

வேகத்தைத் தொடாமல் முதலில் வாசலைத் திரையின் நட்ட நடுவில் நிறுத்துங்கள். நிலையம் ஒரு பக்கமாக நழுவிக்கொண்டே போனால் நீங்கள் நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள். நிலையத்தின் பக்கச் சுவர் எதுவும் தெரியாமல் முன்முகம் நேராகத் தெரிகிறதா? அப்படியானால் நேராக நிற்கிறீர்கள். பக்கச் சுவர் தெரிந்தால் கிட்டே போகாதீர்கள், விலகிப் போய் மறுபடி வாருங்கள். விலகிப் போவதற்குக் காசு கிடையாது.

கிட்டே போகப் போக வாசல் பெரிதாகும். இப்போதுதான் புரட்டும் விசையைத் தொட வேண்டும், அதற்கு முன் தொட்டால் நடுவை இழப்பீர்கள். நிலையம் சுழலும் திசையிலேயே நீங்களும் மெல்லப் புரளுங்கள். சிறுவயதில் ஸ்கிப்பிங் கயிறு சுற்றும்போது உள்ளே நுழைந்திருக்கிறீர்களா? கயிற்றைத் துரத்திக்கொண்டு ஓட மாட்டோம், அதன் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டு நின்று, ஒரு சுற்றில் சட்டென்று புகுவோம். அதேதான் இங்கேயும். வாசல் படுக்கையாகத் தெரியும்படி கப்பல் அதன் கூடவே புரண்டுகொண்டிருக்க, மெதுவாக உள்ளே போங்கள். வாசல் நின்றவாக்கில் இருக்கும்போது போனால் இறக்கை இடித்துவிடும். மெதுவாகப் போய் இடித்தால் கவசம் அடிவாங்கும், பிழைக்கலாம். வேகமாக இடித்தால் உங்கள் சரக்குப் பெட்டிகள் விண்வெளியில் மிதப்பதை வேடிக்கை பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சியின்போது கை தவறி ஏ விசையை அழுத்திவிடாதீர்கள். அது லேசர். நிலையத்தின் மேல் பட்டால் காவல்துறையின் வைப்பர் கப்பல்கள் கிளம்பி வரும். நிலையமும் அதற்குப் பிறகு உங்களை உள்ளே விடாது.

ஐந்து முறை தொடர்ந்து இறங்கிவிட்டால் அட் குறி (@) விசையை அழுத்தி, கமாண்டரை வட்டில் சேமியுங்கள். இனி ஒவ்வொரு இறக்கத்துக்கும் பின் சேமிப்பதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மூன்று மணி நேரச் சம்பாத்தியம் ஒரு சுவரோடு போகும்.

லீஸ்டிக்கு முதல் பயணம்

வரைபடத்தில் லீஸ்டியைக் குறி வைத்து, நிலையத்தை விட்டு வெளியே வந்து, ஹெச் அழுத்துங்கள், கோள் விட்டுக் கோள் தாவும் விசை அது. எண்கள் இறங்கும், சுரங்கம் மாதிரி வட்டங்கள் பாயும், லீஸ்டியின் வானத்தில் இருப்பீர்கள். எதிரே சின்னதாகக் கோள், முதுகுப் பக்கம் சூரியன்.

கருவிப் பலகையின் வலது மூலையில் ஒரு சின்னத் திசைகாட்டி இருக்கிறது. அதிலுள்ள புள்ளி தடிமனாக இருந்தால் கோள் முன்னால், மெலிந்து போனால் பின்னால். புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்து முழு வேகத்தில் போங்கள். ஜே அழுத்தினால் ஒரே தாவலாக நெடுந்தூரம் போகலாம். அக்கம்பக்கத்தில் வேறு கப்பல் இருந்தால் ஜே வேலை செய்யாது, முனகல் மாதிரி ஒரு ஒலிதான் வரும். அந்த ஒலி கேட்டால் உடனே பலகையின் நடுவிலிருக்கும் ரேடாரைப் பாருங்கள், யாராவது இருக்கலாம்.

கோளை நெருங்கியதும் பலகையில் எஸ் என்ற எழுத்து எரியும். நிலையத்தின் எல்லைக்குள் வந்துவிட்டீர்கள். இனி திசைகாட்டி காட்டுவது கோளை அல்ல, நிலையத்தை. நேரே அதை நோக்கிப் பாய்ந்தால் முதுகுப் பக்கமாகப் போய்ச் சேர்வீர்கள். முதலில் நிலையத்துக்கும் கோளுக்கும் நடுவே போங்கள், அங்கே நின்று திரும்பினால் வாசல் எதிரே இருக்கும். மிச்சம்தான் லேவில் பழகியாயிற்றே.

உணவு இங்கே 6 கிரெடிட்டுக்குப் போகும். எல்லாவற்றையும் விற்றால் நாற்பது கிரெடிட் சுமாருக்கு லாபம். பெரிய தொகை இல்லைதான். திரும்பும்போது கணினி வாங்குங்கள். இங்கே டன் 73 வாக்கில், லேவில் 90. முதல் நடையில் ஒரு டன்தான் வாங்க முடியும். கப்பல் முக்கால்வாசி காலியாக ஓடும், கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு நடைக்கும் இரண்டு டன், மூன்று டன் என்று ஏறும். இருபது டன்னும் கணினியாக ஓட்டும் நாளில் ஒரு நடைக்கு முந்நூறுக்கு மேல் நிற்கும். லீஸ்டி அலுத்துப்போனால் ஸயோன்ஸ் இருக்கிறது, அதுவும் தொழிற்கோள், கார்ப்பரேட் ஆட்சி.

குறுக்கு வழி ஒன்று விலைப்பட்டியலிலேயே கண்சிமிட்டும்: போதைப்பொருள், அடிமைகள், ஆயுதங்கள். ஏற்றிக்கொண்டு கிளம்பினாலே உங்கள் பேரில் குற்றம் பதிவாகும். ‘சுத்தம்’ என்றிருந்த நிலை ‘குற்றவாளி’ ஆகி, அப்புறம் ‘தேடப்படுபவர்’ ஆகும். வைப்பர்கள் பார்த்த இடத்தில் சுடும். கோள் விட்டுக் கோள் தாவத் தாவ அந்தக் கறை குறையும் என்றாலும், பல்ஸ் லேசரோடு திரியும் ஆளுக்கு இந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

எதை முதலில் வாங்குவது

இதில் ஆளுக்கொரு கட்சி. பீம் லேசர்தான் முதலில் என்பவர்கள் அதிகம். என் வரிசை வேறு. இருபது டன்னையும் நிரப்பும் அளவுக்குக் காசு வந்ததும் முதலில் பெரிய சரக்கறை, 400 கிரெடிட். இடம் 35 டன் ஆகும், போட்ட காசு இரண்டு மூன்று நடையில் திரும்பி வரும். அப்புறம் முன்பக்கத்துக்கு பீம் லேசர், 1000. அதையடுத்து 600-க்கு ஈசிஎம். உங்களை நோக்கி ஏவுகணை வரும்போது இ விசையைத் தட்டினால் அது வானத்திலேயே வெடிக்கும். எரிபொருள் அள்ளி (சூரியனிடமிருந்து எரிபொருளை அள்ளும் கருவி) 525. தானாக இறக்கும் கணினி 1500. தொழில்நுட்பத்தில் உயர்ந்த கோள்களில்தான் கிடைக்கும். பிபிசியில் நிலைய எல்லைக்குள் வந்து சி அழுத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் உள்ளே இருப்பீர்கள். கொமடோர் பதிப்பில் ப்ளூ டான்யூப் இசை ஒலிக்க, கப்பல் தானே ஓட்டிக்கொண்டு போகும். கையால் இறங்கக் கற்றவர்கள் இதை வாங்கும்போது ஒரு சின்ன வருத்தம் வரும். நான் வாங்கிவிட்டு, ஒரு வாரம் தொடாமலே வைத்திருந்தேன்.

சண்டை

இப்போது சுடலாம். நடுவிலிருக்கும் நீள்வட்டம்தான் ரேடார். நடுப்புள்ளி நீங்கள். ஒவ்வொரு கப்பலும் ஒரு குச்சியோடு தெரியும். குச்சி மேல்நோக்கி நின்றால் அவன் உங்களுக்கு மேலே இருக்கிறான், தொங்கினால் கீழே. நீள்வட்டத்தின் மேல்பாதியில் இருந்தால் முன்னால், கீழ்ப்பாதியில் என்றால் பின்னால்.

இறங்கப் பழகியபோது கற்ற அதே புரட்டு, உயர்த்துதான் சண்டைக்கும். எதிரி வலது ஓரத்தில் தெரிந்தால் அவனைத் துரத்தாதீர்கள். கப்பலைப் புரட்டி அவனைக் குறிக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள், எக்ஸ் அழுத்தினால் தானே குறிக்குள் இறங்கி வருவான். அப்போது ஏ. விடாமல் அழுத்திப் பிடித்தால் லேசர் சூடேறி நின்றுபோகும், இடது பக்கப் பலகையில் அதன் அளவு தெரியும். விட்டு விட்டுச் சுடுங்கள். முழு வேகத்தில் சண்டை போடுவது வீண். பாதி வேகம் போதும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அவனைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருப்பீர்கள்.

ஏவுகணைக்கு டி (T) அழுத்தி ஆயத்தமாக்கி, எதிரி குறிக்குள் வந்ததும் ஒலி கேட்கும், அப்போது எம். மூன்றுதான் இருக்கின்றன, ஒன்று 30 கிரெடிட். எதிரியிடமும் ஈசிஎம் இருந்தால் அதுவும் வீண். கூட்டமாக வந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

வலது பக்கம் நான்கு ஆற்றல் பட்டைகள். இரண்டுக்குக் கீழே போனால் வீரத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஓடுங்கள். ஆயிரம் கிரெடிட் கொடுத்துத் தப்பிக்கும் கூண்டு வாங்கியிருந்தால் எஸ்கேப் விசை உயிரைக் காக்கும். சரக்கு போகும், புதுக் கப்பல் கிடைக்கும், பேரிலிருந்த குற்றப் பதிவும் துடைக்கப்படும்.

கொள்ளைக்காரனை வீழ்த்தினால் சன்மானம் உண்டு. சில சமயம் அவன் சரக்குப் பெட்டியும் மிதக்கும். எரிபொருள் அள்ளி இருந்தால் அதையும் அள்ளலாம். அள்ளி கப்பலின் அடியில் இருப்பதால் பெட்டி திரையின் கீழ்ப்பாதியில் வரும்படி மேலே ஏறிப் போக வேண்டும். அதே கருவியோடு சூரியனை நெருங்கினால் எரிபொருள் இலவசம். கப்பலின் வெப்ப அளவைப் பார்த்துக்கொண்டே போங்கள், பேராசைப்பட்டால் வெந்துவிடுவீர்கள்.

எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்துகொண்டே இறங்குவது நல்லது. 8 கப்பல் வீழ்த்தினால் முதல் படி ஏறுவீர்கள். 128-இல் ‘திறமைசாலி’. கடைசிப் படியான எலைட் பட்டத்துக்கு 6400. நான் இன்னும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வட்டுப் பதிப்பில் 256-க்குப் பிறகு ஒரு நாள் நிலையத்தில் இறங்கும்போது கடற்படையிலிருந்து ஒரு செய்தி காத்திருக்கலாம். அதில் என்ன இருக்கும் என்று இங்கே சொல்ல மாட்டேன்.

ஏழு ஒளியாண்டையும் செலவழிக்காதீர்கள்

அபூர்வமாக, ஹெச் அழுத்தித் தாவும்போது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நடுவழியில் விழுவீர்கள். கோள் இருக்காது, சூரியன் இருக்காது, தார்காய்டு என்ற வேற்றுக்கிரக எதிரிகளின் எட்டுப் பக்கமுள்ள கப்பல்கள் மட்டும் சுற்றி நிற்கும். பெரிய கப்பலை வீழ்த்திவிட்டால் அது ஏவிய குட்டிக் கப்பல்கள் செயலற்று மிதக்கும், அள்ளி விற்கலாம், நல்ல விலை. ஆனால் அங்கிருந்து வெளியேற இன்னொரு தாவல் வேண்டும். அதற்கு எரிபொருள் வேண்டும். அள்ளுவதற்குச் சூரியன் இல்லை. முதல் முறை அங்கே விழுந்தபோது என் தொட்டியில் இருந்தது 0.3 ஒளியாண்டு. வரைபடத்தைத் திறந்து, குறியை ஒவ்வொரு கோளாக நகர்த்தி டி (D) அழுத்தி அழுத்திப் பார்த்தேன். எதுவும் எட்டவில்லை. அன்றிலிருந்து ஐந்து ஒளியாண்டுக்கு மேல் ஒரே தாவலில் போவதில்லை, தொட்டி நிறையாமல் கிளம்புவதும் இல்லை.